அப்பா கூலி, மகள் என்ன? தலைமுறை ஏற்றத்தை அளக்க நான்கு வழிகள்: ஓர் ஒப்பீடு

அப்பா விவசாயக் கூலி. மகன் லேத் பட்டறையில். பேத்தி பொறியியல் கல்லூரி விடுதியில். இந்தக் குடும்பம் எவ்வளவு ஏறியது, அதே ஊரில் இன்னொரு குடும்பம் ஏன் ஏறவில்லை என்பதை எண்ணில் சொல்ல விரும்புகிறவர்கள் முதல் அடியிலேயே தடுமாறுவது தரவு விஷயத்தில்தான். அரசு வெளியிடும் பி.எல்.எஃப்.எஸ். தொழிலாளர் கணக்கெடுப்பு இலவசமாகக் கிடைக்கிறது, அதுவே போதுமா? ஐ.எச்.டி.எஸ். என்கிற இந்திய மனித வளர்ச்சிக் கணக்கெடுப்பை எடுக்கலாமா? சொந்தமாகக் களத்தில் இறங்கி ஒரே முறை வாழ்க்கை வரலாறு கேட்டு வரலாமா? முன்பு கேட்ட அதே குடும்பங்களைத் தேடிப் போய் மறுபடி கேட்பதா? முனைவர் பட்ட மாணவர்களும் தொண்டு நிறுவன ஆய்வாளர்களும் பெரும்பாலும் இந்த நான்கு வழிகளுக்கு நடுவில்தான் நிற்கிறார்கள்.

நான்கையும் எடைபோடும்போது ஒரு கேள்வியை விடாமல் கேட்க வேண்டும்: கணக்கெடுப்பாளர் கதவைத் தட்டியபோது வீட்டில் இல்லாதவர் யார்? ஏறியவர்கள் பெரும்பாலும் வீட்டை விட்டுப் போனவர்கள். வீட்டில் இருப்பவர்களை மட்டும் எண்ணும் கணக்கெடுப்பு, போகாதவர்களின் கதையை ஊர்க்கதையாகச் சொல்லிவிடும்.

## எதை வைத்து எடைபோடுவது

பெற்றோர் தகவல் யாருக்குக் கிடைக்கிறது. எல்லாப் பிள்ளைகளுக்குமா, அப்பாவோடு ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு மட்டுமா? மற்ற எல்லா அளவுகோலும் இதற்குப் பிறகுதான்.

எந்த வயதில் அளக்கிறோம். 22 வயது மகனையும் 50 வயது அப்பாவையும் ஒப்பிட்டால், பையனின் தொடக்க வேலையை அப்பாவின் உச்ச வேலையோடு ஒப்பிடுகிறோம் என்று பொருள். வருமானத்தில் இது இன்னும் மோசம். அமெரிக்காவில் தந்தை மகன் வருமானத் தொடர்பு (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுப் பிடிப்பு) 0.2 அளவில்தான் என்று வெகுகாலம் கருதப்பட்டது. 1968இல் தொடங்கி அதே குடும்பங்களைப் பின்தொடர்ந்து வந்த தரவைக் கொண்டு பொருளாதார அறிஞர் கேரி சோலன் 1992இல் தந்தையின் பல ஆண்டு வருமானத்தைச் சராசரி எடுத்துப் பார்த்தார். தொடர்பு 0.4 அல்லது அதற்கும் மேல் என்று வந்தது. ஓராண்டு வருமானத்தில் இருக்கும் ஏற்ற இறக்கமே உண்மையான பிடிப்பைப் பாதியாகக் காட்டியிருந்தது. மழை பொய்த்தால் வருமானமே இல்லாத கிராமத்தில் ஓராண்டு வருமானத்தை வைத்து நகர்வு, அதாவது தலைமுறைக்குத் தலைமுறை ஏறுவதும் இறங்குவதும், கணக்கிடுவது எவ்வளவு ஆபத்து என்று இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம். கல்வியும் தொழிலும் இங்கே பாதுகாப்பான அளவைகள்.

கல்வியிலும் ஒரு பள்ளம் உண்டு. 1960களில் பிறந்தவர்களின் அப்பாக்களில் பாதிக்கு மேற்பட்டோர் பள்ளிக்கே போகாதவர்கள். ‘அடித்தட்டு அப்பாக்கள்’ என்று பிரிக்கப் போனால் அத்தனை பேரும் பூஜ்யத்தில் குவிந்து கிடப்பார்கள்; அவர்களுக்குள் யார் கீழே, யார் மேலே என்று தெரியாது. பொருளாதார ஆய்வாளர்கள் சாம் ஆஷர், பால் நோவோசாட், சார்லி ராஃப்கின் மூவரும் இந்தியாவுக்கான தங்கள் ஆய்வில் இதற்காகவே கீழ்ப்பாதி அப்பாக்களின் பிள்ளைகள் தங்கள் தலைமுறையின் கல்வித் தரவரிசையில் சராசரியாக எந்த இடத்தில் இருக்கிறார்கள் என்று கேட்கும் ஓர் அளவையை உருவாக்கினார்கள். மொத்தத்தில் ஏற்றம் பல பத்தாண்டுகளாகப் பெரிதாக மாறவில்லை, பட்டியல் சாதியினருக்குக் கூடியிருக்கிறது, முஸ்லிம்களுக்குக் குறைந்திருக்கிறது என்பது அவர்களின் முடிவு. பள்ளி ஆண்டுகளை மட்டும் வைத்து நேர்கோடு போட்டிருந்தால் இந்த வேறுபாடு இவ்வளவு தெளிவாகத் தெரிந்திராது.

கட்டத்துக்கு எத்தனை பேர். 1,200 பேரிடம் கேட்கிறீர்கள் என்று வையுங்கள். தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 20 சதவீதம். ஆக 240 பேர். ஆண்கள் மட்டும் 120. நாற்பதுக்கு மேல், கீழ் என்று இரண்டு வயதுக் குழு, ஒவ்வொன்றிலும் 60. அப்பாவின் தொழிலுக்கு ஐந்து வகை, மகனின் தொழிலுக்கு ஐந்து வகை என்றால் 25 கட்டங்கள். கட்டத்துக்குச் சராசரி 2.4 பேர்! அந்த 60 பேரில் 30 சதவீதம் மேலே ஏறியதாக வந்தாலும் பிழை வரம்பு ஏறத்தாழ 12 புள்ளி இருபுறமும். தெருத் தெருவாகக் கொத்தாக மாதிரி எடுத்திருந்தால் இன்னும் அகலும். ஆய்வுத் திட்டம் எழுதும்போதே இந்த வகுத்தலைச் செய்துவிட வேண்டும்.

பெண்கள் தெரிகிறார்களா, எத்தனை ஆள் நாள் பிடிக்கும் என்பவை மீதி இரண்டு. பெண்களைப் பற்றி ஒவ்வொரு வழியிலும் தனியாகப் பார்ப்போம்.

## வழி 1: பி.எல்.எஃப்.எஸ். தரவில் ஒரே வீட்டு அப்பா பிள்ளை

2017இல் தொடங்கிய இந்தக் கணக்கெடுப்பின் பலம் அதன் அளவு. நாடு முழுவதும், ஆண்டுதோறும், இலவசம். கல்வி, தொழில், கூலி எல்லாம் உண்டு. பெற்றோர் பற்றித் தனிக்கேள்வி கிடையாது என்பதுதான் சிக்கல். அப்பாவைக் கண்டுபிடிக்கக் குடும்ப உறுப்பினர் பட்டியலில் ‘தலைவருக்கு உறவு’ என்ற குறியீடு ஒன்றே துணை.

அந்தக் குறியீட்டைத் திறந்து பாருங்கள். திருமணமான பிள்ளைக்கு 3, திருமணமாகாத பிள்ளைக்கு 5, பேரன் பேத்திக்கு 6. அப்பா, அம்மா, மாமனார், மாமியார் நால்வருக்கும் சேர்த்து ஒரே எண்: 7. நாற்பது வயதுக் குடும்பத் தலைவர் வீட்டில் 70 வயது ஆண் ஒருவர் 7 என்று பதிவாகியிருந்தால், அவர் அப்பாவா மாமனாரா என்று தரவில் இருந்து சொல்ல முடியாது. கூட்டுக் குடும்பத்தில் இரண்டு திருமணமான மகன்கள் இருந்தால், 6 என்று பதிவான பேரன் யாருக்குப் பிறந்தவன் என்பதும் ஊகம்தான். அதனால் பெரும்பாலோர் ‘தலைவர் அப்பா, 3 அல்லது 5 பிள்ளை’ என்ற இணையை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள்.

இப்போது வீட்டில் இல்லாதவர்களைப் பாருங்கள். இந்தக் கணக்கெடுப்புகளில் குடும்பம் என்றால் ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்கள். மேல்மாடியில் தனிக்குடித்தனம் போன மகன் வேறு குடும்பம். விடுதியில் தங்கிப் படிக்கிற மாணவர் தனிநபர் குடும்பமாகப் பதிவாகிறார். குடும்பத்தின் முதல் பட்டதாரியாகப் போகிற பெண் அந்த நொடியிலேயே அப்பாவிடமிருந்து தரவில் அறுந்துபோகிறாள். ஓசூரில், சிங்கப்பூரில், துபாயில் இருப்பவர்களும் அப்பாவோடு இணைய மாட்டார்கள். திருமணமான பெண்கள் ஏறத்தாழ முழுவதுமாக விடுபடுவார்கள். அப்பா வீட்டில் இருக்கும் முப்பது வயதுப் பெண் மணமாகாதவரோ, கணவரைப் பிரிந்தோ இழந்தோ திரும்பியவரோ ஆக இருப்பதே அதிகம். அவர்களை வைத்துப் ‘பெண்களின் நகர்வு’ என்று தலைப்புப் போடுவது தவறு.

இந்தக் குறையால் எந்த எண் எவ்வளவு கெடும் என்பதும் ஓரளவு தெரிந்ததே. அப்பா ஓராண்டு கூடுதலாகப் படித்திருந்தால் பிள்ளை எத்தனை ஆண்டு கூடுதலாகப் படிக்கிறது என்று சொல்லும் தொடர்புப் போக்குக் கெழு அதிகம் கீழே சரிகிறது. இரு தலைமுறைப் படிப்பும் எவ்வளவு இறுக்கமாகச் சேர்ந்து நகர்கின்றன என்று சொல்லும் ஒட்டுறவுக் கெழு அவ்வளவு பாதிக்கப்படுவதில்லை. எம்ரான், கிரீன், ஷில்பி ஆகிய ஆய்வாளர்கள் இந்தியா, வங்கதேசத் தரவுகளில் காட்டியது இது. ஆக, இந்த வழியைத் தேர்ந்தால் ஒட்டுறவுக் கெழுவை முதன்மை எண்ணாக வையுங்கள்.

பலரும் செய்யும் ஒரு சமாளிப்பு, வயதை 16 முதல் 25க்குள் நிறுத்துவது. அந்த வயதில் பெரும்பாலோர் இன்னும் வீட்டில் இருப்பார்கள் என்பது காரணம். பள்ளிப் படிப்பை அளக்க இது பயன்படும். தொழிலை அளக்கப் பயன்படாது.

இன்னொரு பொறி: பி.எல்.எஃப்.எஸ். ஒரே குடும்பங்களை (2024 வரை நகர்ப்புறத்தில் மட்டும்) ஓராண்டுக்குள் நான்கு முறை பார்ப்பதால் அதைத் ‘தொடர் கணக்கெடுப்பு’ என்பார்கள். சில மாத வேலையின்மையைப் பார்க்க அது போதும். வாழ்க்கைப் பாதையைப் பார்க்க அந்த ஜன்னல் மிகச் சிறியது.

## வழி 2: ஐ.எச்.டி.எஸ். தரவு

மேரிலாண்ட் பல்கலைக்கழகமும் டெல்லியின் என்.சி.ஏ.இ.ஆர். என்ற பொருளாதார ஆய்வு நிறுவனமும் நடத்தியது. முதல் சுற்று 2004-05இல், 1,503 கிராமங்களிலும் 971 நகர்ப்புறப் பகுதிகளிலும் 41,554 குடும்பங்கள். இரண்டாம் சுற்று 2011-12இல். பழைய குடும்பங்களில் ஏறத்தாழ 83 சதவீதத்தை மறுபடி கண்டுபிடித்தார்கள். இந்த அளவில் இப்படியொரு தேடல் பெரிய சாதனை. இங்கே பேசுவது இந்த இரண்டு சுற்றுகளை மட்டும்.

இதன் உண்மையான பலம் பலர் நினைப்பது போல இரண்டு சுற்றுகள் என்பதில் மட்டும் இல்லை. குடும்பத் தலைவரின் அப்பா என்ன படித்தார், என்ன வேலை செய்தார் என்று, அப்பா உயிரோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும், கூட இருந்தாலும் இல்லாவிட்டாலும், நேரடியாகக் கேட்டிருக்கிறார்கள். ஒரே வீட்டில் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இந்த ஒரு கேள்வியால் உடைகிறது. தலைவருக்கு இந்தக் கேள்வியில் இருந்தும், வீட்டிலுள்ள மகனுக்கு உறுப்பினர் பட்டியலில் இருந்தும் அப்பாவை எடுத்துச் சேர்த்தால், வயது வந்த ஆண்களில் மிகப் பெரும்பகுதிக்கு அப்பாவின் கல்வி கிடைத்துவிடும்.

மறைந்திருக்கும் விலை என்ன? குடும்பத் தலைவர் பெண்ணாக இருந்தால் கேட்கப்படுவது கணவரின் அப்பாவைப் பற்றி. இதைக் கவனிக்காமல் ஓட்டினால் மாமனாரை அப்பாவாக்கி முடிவு எழுதிவிடுவீர்கள். 15 முதல் 49 வயதுத் திருமணமான பெண்களுக்கான தனி வினாத்தாளில் பிறந்த வீட்டின் நிலை பற்றிக் கேள்விகள் உண்டு. பெண்களைப் பற்றிய ஆய்வு அங்கிருந்து தொடங்க வேண்டும், தலைவர் கேள்வியில் இருந்து கூடாது.

அப்பாவின் தொழில் பழைய தேசியத் தொழில் வகைப்பாட்டின் இரண்டு இலக்கக் குறியீட்டில் இருக்கிறது. சாகுபடியாளர், விவசாயத் தொழிலாளி என்று பிரிகிறதே தவிர, காவிரிப் படுகையில் ‘விவசாயம்’ என்ற ஒரு சொல்லுக்குள் மிராசுதாரும் குத்தகைக்காரரும் பண்ணையாளும் அடங்கிவிடுகிறார்கள். கீழே இறங்கியவரும் மேலே ஏறியவரும் ஒரே குறியீட்டில் நின்று ‘மாற்றமில்லை’ என்று காட்டும் அபாயம் இருக்கிறது.

இரண்டு சுற்றுகளை இணைக்கும்போது கவனிக்க: 2004இல் ஒன்றாக இருந்த குடும்பம் 2011இல் மூன்றாகப் பிரிந்திருக்கலாம். பழைய ஒன்றுக்குப் புதிய மூன்று என்று இணையும். ஒன்றுக்கு ஒன்று என்று கட்டளை கொடுத்தால் மென்பொருள் பிழை காட்டும், அல்லது மோசமாக, சத்தமில்லாமல் இரண்டை விட்டுவிடும். எந்தப் பழைய குடும்பம் எந்தப் புதிய குடும்பங்களாகப் பிரிந்தது என்று காட்டும் தனி டிராக்கிங் கோப்பு இதற்கென்று இருக்கிறது. வெளியூரில் இருக்கும் உறுப்பினர்களுக்கும் ஒரு கோப்பு இருக்கிறது. அதைத் திறக்காமல் நகர்வு பற்றி எழுதுவது பாதி வேலை. காணாமல் போனவர்கள் கிராமத்தைவிட நகரத்தில் அதிகம். வாடகை வீடு மாறிப் போன நகர்ப்புற ஏழைகள் யார் என்பதை முதல் சுற்றுப் பண்புகளை வைத்து ஒப்பிட்டுக் காட்ட வேண்டும்.

மாநிலம், சாதிக்குழு, வயது என்று வெட்டிக்கொண்டே போனால் தேசிய மாதிரியும் சீக்கிரம் சுருங்கிவிடும். ‘விழுப்புரம் மாவட்டத்தில் நகர்வு’ என்ற தலைப்புக்கு இது பயன்படாது.

வயதானவர்களின் முழு வாழ்க்கைப் பாதைதான் கேள்வி என்றால் லாசி என்ற தேசிய முதியோர் கணக்கெடுப்பையும் பாருங்கள். 2017-18இல் முதல் சுற்று. 45 வயதுக்கு மேற்பட்டவர்களும் அவர்களின் துணைவர்களுமாக 72,250 பேர். சிறுவயதுக் குடும்ப நிலை, உடல்நிலை எல்லாம் கேட்டிருக்கிறார்கள். ஆனால் எழுபது வயதில் பேட்டி கொடுப்பவர், எழுபது வரை உயிரோடு இருந்தவர். வறுமையில் பிறந்து ஐம்பதில் இறந்தவர் அந்தத் தரவில் இல்லை. சிறுவயது வறுமையின் தாக்கம் இதனால் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியக்கூடும்.

## வழி 3: சொந்தமாக ஒரே முறை, பின்னோக்கிக் கேட்பது

மாவட்டம், தொழில், சாதிக்குழு என்று குறுகிய கேள்வி வைத்திருப்பவர்களுக்கு இதுவே சரியான வழி. நன்றாகச் செய்தால் பெரிய கணக்கெடுப்புகள் தராததையும் தரும். கொஞ்சம் அலட்சியமாக இருந்தாலும் குப்பையாகிவிடும் என்பதால் இங்கே விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

மாதிரி. 800 குடும்பம் என்று முடிவெடுத்தால், 40 ஊரில் தலா 20 எடுப்பதைவிட 80 ஊரில் தலா 10 எடுங்கள். ஒரே ஊர்க்காரர்களின் பதில்கள் ஒன்றுபோல இருக்கும் அளவு 0.05 என்று வைத்தால், முதலாவதில் மாதிரி விரிவு (மாதிரியின் எண்ணிக்கையை வகுக்க வேண்டிய எண்) 1.95, உங்கள் 800, வெறும் 410 பேருக்குச் சமம். இரண்டாவதில் விரிவு 1.45, 552 பேருக்குச் சமம். பயணச் செலவு கூடும், ஆனாலும் லாபம். வீடுகளைப் பட்டியலிடும்போது ஊர்த்தெருவோடு நிறுத்திவிட்டுக் காலனியை விடுவது, அல்லது அதை வேறு ஊராக எண்ணிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. ஏற்றத்தாழ்வைப் பற்றிய ஆய்வில் இதைவிடப் பெரிய பிழை இருக்க முடியாது. ரேஷன் அட்டைப் பட்டியலையும் குடும்பப் பட்டியலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அட்டை பிரிவதும் அடுப்பு பிரிவதும் ஒரே நாளில் நடப்பதில்லை.

அப்பாவைப் பற்றிய கேள்வி. ‘உங்க அப்பா என்ன வேலை?’ என்று பொதுவாகக் கேட்டால் கடைசி வேலையையோ பெருமையான வேலையையோ சொல்வார்கள். பதிலளிப்பவருக்கு 14 வயது இருந்தபோது அப்பா என்ன வேலை செய்தார் என்று கேட்பது நகர்வு ஆய்வுகளில் நெடுநாள் வழக்கம். பிரிட்டனில் 1972 ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வும் அப்படித்தான் கேட்டது. நம் ஊரில் ‘பதினாலு வயசு’ என்றால் பலருக்குப் பிடிபடாது. ‘எட்டாவது படிக்கிற வயசுல’ என்றும், பெண்களிடம் ‘வயசுக்கு வந்த சமயத்துல’ என்றும் கேட்டால் நினைவு சரியாகப் போய் நிற்கும். விவசாயம் என்று பதில் வந்தால் நான்கு கேள்வி கட்டாயம்: நிலம் சொந்தமா, குத்தகையா, வாரமா? கூலிக்கும் போனாரா? ஒருவரிடமே பண்ணையாளாக இருந்தாரா? கூலி நெல்லாகவா, பணமாகவா? அம்மாவின் வேலையையும் இதே அளவுக்குக் கேளுங்கள். நாற்று நட்ட அம்மாவை ‘வீட்டில் இருந்தார்’ என்று பதிவு செய்வது இன்றும் தொடர்கிறது.

வாழ்க்கை நாட்காட்டி. ஆண்டுகள் வரிசையாகவும் வசித்த ஊர், படிப்பு, வேலை, திருமணம், குழந்தைகள், பெரிய கடன் அல்லது நோய் ஆகியவை பத்திகளாகவும் உள்ள ஒரு பெரிய தாள். முதலில் மனிதர் மறக்காத நிகழ்வுகளைப் பதியுங்கள். எம்.ஜி.ஆர். மறைந்த 1987 டிசம்பர், சுனாமி வந்த 2004 டிசம்பர், கடலூர் பக்கம் என்றால் தானே புயல் அடித்த 2011 டிசம்பர் இறுதி, டெல்டாவில் கஜா வந்த 2018 நவம்பர், 500 ரூபாய் நோட்டு செல்லாமல் போன 2016 நவம்பர். கும்பகோணம் வட்டாரத்தில் 1980, 1992, 2004, 2016 மகாமகங்களைப் போல நல்ல அளவுகோல் வேறில்லை. ‘அந்த மாமாங்கத்துக்கு முன்னாடியே திருப்பூர் போயிட்டேன்’ என்று அவர்களே சொல்வார்கள். வரிசையாக ஆண்டு கேட்டுப் போவதைவிட, முதலில் வசித்த ஊர்களைப் பதிந்து, அதன்மீது வேலைகளைப் பொருத்தினால் முரண்கள் அந்த இடத்திலேயே வெளிப்படும். 50 வயதுக்காரருக்கு 60 முதல் 90 நிமிடம் ஆகும்.

நினைவுப் பிழைக்கு ஒரு திசை உண்டு. நீண்ட வேலைகள் நிற்கும், இடையில் வந்த மூன்று மாத வேலையின்மை மறையும். கடந்த கால வருமானத்தைக் கேட்கவே கேட்காதீர்கள். 1995இல் என்ன கூலி என்றால் யாரும் ஏதோ ஓர் எண்ணைச் சொல்வார்கள், அது தரவாக உதவாது.

வெளியே போன பிள்ளைகள். ஐம்பத்தைந்து வயதைக் கடந்த பெற்றோரிடம், பிறந்த எல்லாப் பிள்ளைகளையும், இறந்தவர்கள் உட்பட, வரிசையாகக் கேட்டு ஓர் அட்டவணை நிரப்புங்கள்: ஆண் பெண், வயது, படிப்பு, இப்போதைய வேலை, வசிக்கும் ஊர், திருமணம். கூடுதலாகப் பத்து நிமிடம்தான். வழி 1இல் அறுந்துபோன விடுதி மாணவியும், துபாய் மகனும், கட்டிக்கொடுத்த மகளும் இந்த ஒரு பக்கத்தில் திரும்பி வருகிறார்கள். என் பார்வையில் சிறு ஆய்வுகள் தவறவிடக் கூடாத பக்கம் இது. பிள்ளையின் வேலையைப் பெற்றோர் உயர்த்திச் சொல்வதுண்டு. ‘கம்பெனியில இருக்கான்’ என்றால் விடாமல் கேளுங்கள்: அங்கே என்ன செய்கிறார்? சம்பளம் கம்பெனி கொடுக்கிறதா, கான்ட்ராக்டரா? பி.எஃப். பிடிக்கிறார்களா? இந்த மூன்றையும் கேட்டால் ஒப்பந்தக் காவலாளியும் நிரந்தர ஊழியரும் பிரிந்துவிடுவார்கள்.

எடைக் காரணி ஒன்றை மறக்க வேண்டாம். பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து அப்பாவைப் பற்றிக் கேட்டால், ஆறு பிள்ளை பெற்ற அப்பா ஆறு மடங்கு வாய்ப்போடு மாதிரியில் வருவார். பிள்ளையில்லாதவர் வரவே மாட்டார். ‘அந்தத் தலைமுறைக் கூலிகளில் எத்தனை சதவீதம் பேரின் பிள்ளைகள்…’ என்று அப்பாக்களைப் பற்றிப் பேசப் போகிறீர்கள் என்றால் உடன்பிறந்தோர் எண்ணிக்கையைக் கேட்டு, பதிலளிப்பவரையும் சேர்த்து, அதனால் வகுக்க வேண்டும். பிள்ளைகளைப் பற்றி மட்டும் பேசுவதாக இருந்தால் தேவையில்லை.

ஆள் நாள் கணக்கு: ஒருவர் நாளுக்கு மூன்று முழு நாட்காட்டிதான் ஒழுங்காக முடிக்க முடியும். நான்கு பேர் என்றால் 800க்கு 67 வேலை நாள். வீட்டில் ஆள் இல்லாமல் மறுபடி போவதையும் திருவிழா, அறுவடை நாட்களையும் சேர்த்தால் நான்கு மாதம். தொழில் விவரங்களைக் குறியீடாக்க இன்னொரு மாதம். இதைத் திட்டத்தில் எழுதாதவர்களே அதிகம்.

## வழி 4: அதே மனிதர்களிடம் திரும்பப் போவது

நினைவை நம்ப வேண்டியதில்லை என்பதே இதன் பெருமை. பிரிட்டனில் 1946 மார்ச்சில் ஒரே வாரத்தில் பிறந்தவர்களிலிருந்து தேர்ந்தெடுத்த 5,362 பேரை இன்றுவரை பின்தொடர்கிறார்கள். இந்தியாவில் ‘யங் லைவ்ஸ்’ 2002இல் ஒன்றுபட்ட ஆந்திரத்தில் தொடங்கி, அப்போது ஒரு வயதை ஒட்டி இருந்த ஏறத்தாழ 2,000 குழந்தைகளையும் எட்டு வயதை ஒட்டி இருந்த 1,000 குழந்தைகளையும் வளர்ந்து ஆளாகும்வரை தொடர்ந்தது. சிறுவயது ஊட்டச்சத்துக் குறைவு பின்னாளில் படிப்பை எப்படிப் பாதிக்கிறது என்ற கேள்விக்குப் பின்னோக்கிக் கேட்கும் எந்த முறையும் பதில் தராது. எந்தத் தாய்க்கும் இருபது ஆண்டுக்கு முந்தைய உயரமும் எடையும் நினைவில் இருக்காது. ஏழைப் பகுதிகளை அதிகம் எடுத்த மாதிரி அது என்பதால் மாநிலச் சராசரி சொல்ல அதைப் பயன்படுத்தக் கூடாது.

தமிழ்நாட்டில் இந்த வழிக்கு நீண்ட மரபு உண்டு. பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் சென்னைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு 1916இல் தொடங்கிய கிராம ஆய்வுகளில் இருவேல்பட்டு, வடமலைபுரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, தூசி ஆகிய ஊர்கள் பலமுறை மறு ஆய்வு செய்யப்பட்டன. இருவேல்பட்டுக்கு 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் மறுபடி போனார்கள். நிலவுடைமை, கூலி உறவு, சாதி அதிகாரம் ஒரு நூற்றாண்டில் எப்படித் தளர்ந்தன என்று பார்க்க இப்படியொரு வாய்ப்பு வேறெங்கும் எளிதில் கிடைக்காது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தோடு சேர்ந்து கடலூர், விழுப்புரம் பகுதியின் பத்து ஊர்களில் 2010இல் 405 குடும்பங்களோடு தொடங்கிய கணக்கெடுப்பு, 2016-17இலும் 2020-21இலும் அதே குடும்பங்களைத் தேடிப் போனது.

இங்கே ஒரு நுட்பமான வேறுபாடு. ஊருக்குத் திரும்பிப் போவது வேறு, ஆட்களிடம் திரும்பிப் போவது வேறு. இருபது ஆண்டு கழித்து அதே ஊரில் இன்றிருக்கும் வீடுகளை எண்ணினால், நிலத்தை விற்றுவிட்டுச் சென்னைக்குப் போன குடும்பமும் கடனுக்குப் பயந்து இரவோடு இரவாகப் போன குடும்பமும் எண்ணிக்கையில் இல்லை. உச்சியும் அடியும் சேர்ந்து வெட்டுப்பட்ட ஊர்தான் கையில் கிடைக்கும். பழைய பட்டியலின் ஒவ்வொரு பெயரையும் ஊர்ப் பெரியவர்களிடம் வாசித்து, ‘இவங்க பிள்ளைங்க இப்ப எங்கே?’ என்று கேட்டு அலைய வேண்டும். தேடும் வேலைக்குப் பேட்டி வேலையைவிட அதிக நாள் பிடிக்கும் என்று முன்கூட்டியே எழுதுங்கள்.

உதிர்வுக் கணக்கு கொடுமையானது. ஒவ்வொரு சுற்றிலும் 90 சதவீதம் பேர் கிடைத்தாலும், நான்கு மறுசுற்றுக்குப் பிறகு 1,000 பேரில் 656 பேர்தான் மிச்சம். 95 சதவீதமாக உயர்த்தினால் 815. அந்த ஐந்து புள்ளி எங்கிருந்து வரும்? மூன்று தொடர்பு எண்களில் இருந்து: பதிலளிப்பவருடையது, அதே ஊரில் நிலையாக இருக்கும் உறவினருடையது, கட்டிக்கொடுத்த அக்கா தங்கையுடையது. சிம் கார்டு மாறும், தங்கை வீடு மாறாது. மகள்களுக்கு மணமாகிப் போகும் ஊரைக் கேட்டு வைக்காத தொடர் ஆய்வு, இரண்டாம் சுற்றிலேயே ஆண்களின் ஆய்வாகிவிடும்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | பி.எல்.எஃப்.எஸ். | ஐ.எச்.டி.எஸ். | சொந்தக் கணக்கெடுப்பு, ஒரே முறை | மறு ஆய்வு |
|---|---|---|---|---|
| அப்பா பற்றிய தகவல் | கூட இருப்பவர்களுக்கு மட்டும் | தலைவருக்கு நேரடிக் கேள்வி, மகனுக்குப் பட்டியல் | எல்லோருக்கும், கேட்டால் | எல்லோருக்கும், நேரில் அளந்தது |
| வீட்டை விட்டுப் போன பிள்ளைகள் | இல்லை | ஓரளவு, தனிக் கோப்பில் | எல்லாப் பிள்ளைகள் அட்டவணையில் | தேடினால் மட்டும் |
| மணமான பெண்கள் | ஏறத்தாழ இல்லை | பெண்கள் வினாத்தாளில் | உண்டு | கவனமாக இருந்தால் உண்டு |
| பெரிய பிழை | ஒரே வீட்டுத் தேர்வு | நகர்ப்புற உதிர்வு, தொழில் குறியீடு | நினைவு | உதிர்வு |
| மாவட்ட அளவு | கடினம் | முடியாது | முடியும் | ஊர் அளவு |
| தொடக்கத்திலிருந்து முடிவுவரை | சில வாரம் | இரண்டு, மூன்று மாதம் | ஓராண்டு | ஆண்டுகள் |

## உங்கள் நிலைமைக்கு எது

முதுகலை ஆய்வேடு, ஆறு மாதம், கையில் பணம் இல்லை: ஐ.எச்.டி.எஸ். பி.எல்.எஃப்.எஸ். சுலபமாகத் தெரிந்தாலும், அதில் அப்பாவைக் கண்டுபிடிக்கச் செலவாகும் நேரத்தில் ஐ.எச்.டி.எஸ். கோப்புகளைப் பழகிவிடலாம். பள்ளிப் படிப்பை விட்டு நிற்பது, மாநிலங்களுக்கிடையே போக்கு போன்ற கேள்விகளுக்கு மட்டும் பி.எல்.எஃப்.எஸ். மேல்.

முனைவர் பட்டம், ஒரு மாவட்டம் அல்லது ஒரு தொழில் குழு: வழி 3. 800க்குப் பணம் இல்லையென்றால் 400 எடுங்கள்; ஆனால் அப்போது ஐந்து தொழில் வகை வேண்டாம், மூன்று போதும். தேசிய அளவை ஐ.எச்.டி.எஸ்.இல் இருந்து எடுத்து, உங்கள் கேள்விகளையும் அதே சொற்களில் அமைத்தால் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

பெண்களின் நகர்வுதான் மையம் என்றால், எவ்வளவு பணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், வழி 1 வேண்டாம். பிறந்த வீட்டைப் பற்றிப் பெண்ணிடமே நேரில் கேட்கும் வடிவம் ஒன்றே உதவும்.

ஒரு திட்டம் குழந்தைகளின் எதிர்காலத்தை மாற்றியதா என்று அறிய விரும்பும் நிறுவனம், பணமும் பொறுமையும் இருந்தால் இன்றே வழி 4ஐத் தொடங்கலாம். மூன்றாண்டு நிதியை மட்டும் நம்பித் தொடங்க வேண்டாம். ஒரே ஒரு மறுசுற்றோடு நின்றுபோன தொடர் ஆய்வைவிட, நன்றாகச் செய்த வழி 3 அதிகம் சொல்லும். யாராவது ஏற்கெனவே செய்த ஊர் ஆய்வின் பழைய படிவங்கள் எங்கேனும் பாதுகாப்பாக இருக்கின்றனவா என்று முதலில் விசாரியுங்கள். பெயரோடு கூடிய பட்டியல் கிடைத்தால் இருபது ஆண்டுக் காத்திருப்பு மிச்சம். அறிக்கை மட்டும் கிடைத்தால் அது பயன்படாது. அச்சான சதவீதங்களில் இருந்து எந்தக் குடும்பம் எங்கே போனது என்று தேட முடியாது.

எதைத் தேர்ந்தாலும், களத்தில் இறங்குமுன் இருபது பேட்டி முன்னோட்டமாக எடுங்கள். அதில் பத்து பேராவது அறுபதைக் கடந்தவர்களாக இருக்கட்டும். அவர்கள் சொன்ன பிள்ளைகளில் எத்தனை பேர் அதே ஊரில் இருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். பாதிக்கு மேல் வெளியே என்றால், பெரும்பாலான ஊர்களில் அப்படித்தான் இருக்கும், வீட்டில் இருப்பவர்களை மட்டும் எண்ணும் எந்தத் தரவையும் அந்த ஊருக்கு நம்ப முடியாது.